ஆறு மணிக்கு எடுத்த தண்ணீர்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை ஒரு தப்பான வாக்கியத்தில் பிறந்தது. சிலருக்குக் கதை கனவில் வருமாம், சிலருக்குக் கண்ணீரில் வருமாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்த வாக்கியத்தை அடிக்காமல் திருத்தாமல் இங்கே வைக்கிறேன்:

"காலை ஆறு மணி. இன்னும் விடியவில்லை. கையில் டார்ச்சுடன் சுகுணா குளக்கரையில் நடந்து போனாள்."

எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அளவான வாக்கியங்கள், இருட்டு, ஒற்றைப் பெண், ஒரு வெளிச்சம். இதற்குமேல் ஒரு கதைக்கு என்ன வேண்டும்? இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். மதுரையிலோ நாகப்பட்டினத்திலோ உட்கார்ந்து படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் பதினான்கு வருஷமாக போர்ட் பிளேரில், மின்னி பேயில் குடியிருக்கிறேன். பால் வாங்குவது, பல் தேய்ப்பது, ஆபீஸ் போவது எல்லாம் இந்தத் தீவின் வெளிச்சத்தில்தான். எழுத உட்கார்ந்தால் மட்டும் எனக்கு இன்னும் நாகப்பட்டினத்தில்தான் விடிகிறது.

(சுகுணாவை எனக்கு எப்படித் தெரியும் என்று இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வேலை விஷயமாகத் தெரியும். அது என்ன வேலை என்பதை ஆறாம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் தைரியம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.)

2

இரண்டாவது தொடக்கம். இதில் அலங்காரம் கிடையாது.

போர்ட் பிளேரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், வண்டூரில் சுகுணாவுக்கு ஒரு குளம் இருக்கிறது. முன்பு அது நெல் வயல், புருஷன் வீட்டுச் சொத்து. இரண்டாயிரத்து நாலாம் வருஷம் கடல் வந்து அந்த வயலில் உட்கார்ந்தது. மற்ற இடங்களில் ஏறிய கடல் இறங்கிப் போனது. இங்கே தரையே தாழ்ந்துவிட்டதால் ஒவ்வொரு கடலேற்றத்துக்கும் வந்து போக வழி கண்டுகொண்டது. நெல் போனது. பல வருஷம் சும்மா கிடந்த அந்த உப்பு வயலைச் சுற்றிக் கரை கட்டி, மதகு வைத்து, வரி இறால் விட்டவள் சுகுணா. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்தது. கடலைக் கண்டு பயந்தே வளர்ந்த பெண், கடல் விட்டுப்போன தண்ணீரில் பயிர் வைக்கத் துணிந்தாள்.

அறுபத்தாறாம் நாள் ஒரு இறாலின் சராசரி எடை பதினோரு கிராம். எழுபத்துமூன்றாம் நாள் பதினொன்று. எண்பதாம் நாள் பதினொன்று. எண்பத்தேழாம் நாள் பதினொன்றரை. அந்த அரை கிராம்கூடத் தராசு ஈரமாக இருந்ததால் வந்தது என்பது அவளுடைய கட்சி.

சாகவும் இல்லை, வளரவும் இல்லை. செத்தால் நோய் என்று சொல்லலாம். இதற்கு என்ன பெயர் சொல்வது?

இதற்கு நடுவில் அவள் புருஷன் முருகானந்தத்துக்குத் தெற்கே இன்னொரு தீவில், ஹட் பே ஜெட்டியில் வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸோடு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்முன் மகளையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கப்பலேற வேண்டும் என்பது அவர் எண்ணம். சுகுணா மறுத்தாள். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஜூன் இரண்டாம் ஞாயிறு வலை வீசி எடை பார்ப்பது. பதினைந்து கிராம் வந்துவிட்டால் அவளும் மகளும் குளத்தோடு இருப்பார்கள், அவர் மட்டும் போய்வருவார். வராவிட்டால் மதகைத் திறந்து குளத்தை வடித்துவிட்டு, திங்கட்கிழமை கப்பலில் மூவரும் ஏறுவார்கள்.

இப்போது உங்களுக்கும் எனக்கும் ஒரே கேள்வி. பதினொன்றிலேயே நிற்கும் இறால் எப்படிப் பதினைந்துக்குப் போகும்?

3

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரங்கள்மேல் சந்தேகம் வந்தது.

முதலில் முருகானந்தத்தை வில்லனாக்கப் பார்த்தேன். மனைவியின் உழைப்பை மதிக்காத புருஷன், அரசு வேலை கிடைத்த மிதப்பு... இப்படி அரைப் பக்கம் எழுதினேன். பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது. "கடலு ஒரு தடவ எங்க வயல எடுத்துக்கிச்சு சார். இப்ப இவ தூக்கத்தையும் எடுக்குது. நான் என்ன கேக்குறேன், இவ கொஞ்சம் தூங்கட்டும்னு கேக்குறேன். அது தப்பா?" அரைப் பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

அடுத்து சுகுணாவின் அப்பா முனியாண்டியை உள்ளே கொண்டுவர நினைத்தேன். வாழ்நாள் எல்லாம் ரப்பர் பால் வெட்டியவர். தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, நாக்கில் வைத்து, கண்ணை மூடி ஒரு உண்மையைச் சொல்கிறார். படிப்பவர்களுக்குப் பிடிக்கும். சுகுணாவிடம் போனில் கேட்டேன்.

"அப்பாவா? அப்பா சுனாமிக்குப் பொறகு கொளத்துப் பக்கமே வரமாட்டாரு சார். வந்தா தூரத்துல நின்னு, சோறு இருக்கான்னு கேப்பாரு. அவர உட்டுருங்க."

விட்டுவிட்டேன்.*

* இப்படித்தான் இந்தக் கதையில் ஒரு ஞானக் கிழவர் இல்லாமல் போனார். அவருக்குப் பதிலாக இருப்பது ஒரு நோட்டு. கட்டம் போட்ட சாதாரண நோட்டு.

4

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

குளத்துக்கு எப்படித் தினசரிக் கணக்கு வைப்பது என்று ஒரு தமிழ்க் கையேடு சொல்லியிருந்தது. அதில் கண்டபடி சுகுணா பக்கம் பக்கமாகக் கட்டம் கட்டினாள். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் கையேட்டில் இருந்ததை அப்படியே எழுதினாள். உப்பு. காரத்தன்மை. ஆக்ஸிஜன், காலை 6 மணி. தீவனம். கடைசிக் கட்டம் "பிற". தினமும் கைக்கடிகாரம் ஆறு காட்டும்போது கரையில் இறங்கி, ஆக்ஸிஜன் மீட்டரின் கம்பியைத் தண்ணீரில் விட்டு, வந்த எண்ணை எழுதினாள். 4.3. 4.1. 4.4. நாலுக்குக் கீழே ஒரு நாளும் இல்லை. மூன்றரைக்குக் கீழே இறங்கினால் மட்டும் இரவில் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் காற்றுச் சக்கரத்தை ஓட்டினால் போதும் என்று கையேடு சொல்லியது. அதனால் அந்தச் சக்கரமும் அதன் டீசல் எஞ்சினும் தார்ப்பாய்க்கு அடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

ஆக்ஸிஜன் நன்றாக இருக்கிறது என்றால் வேறு எதிலோ கோளாறு. சுகுணா ஒன்றொன்றாகத் தேடினாள். மழை விழுந்து உப்பு குறைந்திருக்குமோ என்று ஏற்றத்தில் மதகைத் திறந்து கடல்நீர் விட்டாள். உப்பு சரியானது, இறால் வளரவில்லை. இறாலின் ஓடு மென்மையாக இருக்கிறதே என்று சுண்ணாம்பு போட்டாள். ஓடு கொஞ்சம் கெட்டிப்பட்டது, இறால் வளரவில்லை. தீவனத்தை மாற்றினாள். சாயந்திரம் தீவனத் தட்டை இறக்கினால் துடைத்து வைத்தாற்போல் காலி. ராத்திரி வைத்த தட்டைக் காலையில் பார்த்தால் பாதி அப்படியே கிடக்கும். இதையும் எழுதி வைத்தாள்.

இறால் எப்படி வளர்கிறது என்பது எனக்கு இந்தக் கதைக்காகத் தேடித்தான் தெரிந்தது. அது நம்மைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வதில்லை. உடம்பு பெருத்து ஓடு சிறுத்ததும் பழைய ஓட்டைக் கழற்றிப் போடும், புதிது கெட்டிப்படுவதற்குள் நீரைக் குடித்து ஊதிக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அதற்கு மூச்சு அதிகம் தேவை. மூச்சுக்கு வழியில்லை என்று பட்டால் வளர்ச்சியை ஒத்திப்போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். எவ்வளவு நிதானமான பிராணி பாருங்கள். நானும் பல கதைகளை அப்படித்தான் ஒத்திப்போட்டிருக்கிறேன், ஆனால் காரணம் நிதானம் இல்லை.

"பிற" என்ற கட்டத்தில் மே மாதம் பிறந்ததிலிருந்து ஒரே விஷயம்: "கொக்கு 7". "கொக்கு 9". "கொக்கு 12, நான் போனதும் பறந்தது". முதல் வரைவில் இதை நான் எடுத்துவிட்டேன். இறால் கதையில் கொக்குக்கு என்ன வேலை, வெறும் அழகுக்கு என்று நினைத்தேன்.

5

மே மாதம் மூன்றாம் ஞாயிறு. வரைவைப் பையில் வைத்துக்கொண்டு வண்டூர் பஸ் ஏறினேன். சம்பந்தப்பட்டவர்களிடம் படித்துக் காட்டிவிட வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் ஒரே நல்ல பழக்கம்.

குளக்கரைக் கொட்டகையில் சுகுணா தீவனத் தட்டின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். முருகானந்தம் மதகுப் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "காலை ஆறு மணி. இன்னும் விடியவில்லை. கையில் டார்ச்சுடன்..."

சுகுணா சிரித்துவிட்டாள். "ஆறு மணிக்கு டார்ச்சா? எதுக்கு சார், சூரியனத் தேடுறதுக்கா?"

"சார் மெயின்லேண்ட் டைம்ல எழுதிட்டாரு" என்றார் முருகானந்தம். "இங்க அஞ்சு மணிக்கே தூப் வந்து மூஞ்சில அடிக்கும். ஆறுக்கெல்லாம் அந்த வெயில்ல வேர்த்துரும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. தீவு கிழக்கே எங்கேயோ கிடக்கிறது, கடிகாரம் மட்டும் நாடு முழுக்க ஒன்று. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "அதுக்கென்ன, அஞ்சு மணின்னு மாத்திடறேன்" என்றேன்.

"அஞ்சும் ஆகாது சார். இந்த மாசத்துல அஞ்சுக்கு முன்னாடியே சூரியன் வந்துரும். இருட்டு வேணும்னா நாலு, நாலேகால்னு போடுங்க."

சொன்னவள் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அடுத்த பத்தியைப் படித்தேன். அவள் கேட்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். ஆக்ஸிஜன எதுக்குக் காலையில பாக்கச் சொல்றாங்க?"

"பகல்ல வெயில் பட்டு, தண்ணியில இருக்கிற பாசி ஆக்ஸிஜன் விடும். ராத்திரி யாரும் விடறதில்ல, எல்லாரும் செலவு பண்றதுதான். அதனால விடியறதுக்குச் சற்று முன்னாடிதான் ரொம்பக் குறைவா இருக்கும். அப்ப பாத்தாத்தான் உண்மை தெரியும்."

பதிலை எவ்வளவு சரளமாகச் சொன்னேன், பார்த்தீர்களா? சொல்லி முடித்தபிறகுதான் நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

"நான் ஆறுக்கு எடுக்குறேன்" என்றாள் சுகுணா மெதுவாக. "அதுக்குள்ள வெயிலு ஒரு மணி நேரம் வேல பாத்துருது."

முருகானந்தம் சுரண்டுவதை நிறுத்திவிட்டார். சுகுணா நோட்டை எடுத்து விரலால் ஒரு கட்டத்தைத் தேய்த்தபடி சொன்னாள்: "அதான் கொக்கு. மூச்சு முட்டி எறா கரையோரமா மேல வந்து நிக்குது. கொக்கு அதத் திங்க வருது. வெளிச்சம் வந்ததும் எறா கீழ எறங்கிருது. நான் மீட்டரத் தூக்கிட்டு வர்றப்ப எல்லாம் நல்லாருக்கு."

ஊரில் எல்லோரும் ஆறு மணிக்கு வெயில் காய்கிறவர்கள்தான். ஆனால் கட்டத்தின் தலையில் "காலை 6 மணி" என்று அச்சில் வந்துவிட்டால், அதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத்தான் சரிபார்க்கிறார்களே தவிர வானத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

6

தைரியம் வரவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தக் கையேட்டைத் தமிழில் செய்தவன் நான்.

வண்டூர்ப் பக்கம் உவர்நீர்க் குளம் வைத்திருக்கும் பதினொரு குடும்பங்கள் சேர்ந்து, மெயின்லேண்டிலிருந்து ஒரு ஆங்கிலக் கையேட்டைக் கொண்டுவந்து, தமிழில் ஆக்கித் தரச் சொன்னார்கள். எனக்கு எழுத்து வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டு வந்தவர்கள் வேறு வீட்டு ஆட்கள்; கையேட்டில் என் பெயர் இல்லை, பிறகு அந்தக் குளங்களைச் சுற்றிப் பார்த்தபோது அறிமுகமான சுகுணாவிடமும் நான் சொல்லவில்லை. மூலத்தில் அந்தக் கட்டத்தின் தலையில் இருந்தது இது: "சூரிய உதயத்துக்கு முன், சுமார் 6 மணி". கட்டம் சின்னது. அத்தனை எழுத்தும் அதில் அடங்கவில்லை. தேவையில்லாத வார்த்தையை வெட்டுவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. "சூரிய உதயத்துக்கு முன்" என்பதை வெட்டினேன். "சுமார்" என்பதையும் வெட்டினேன். "காலை 6 மணி" என்று கச்சிதமாக உட்கார்ந்தது.

(அன்றைக்கு அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துப் பார்த்து ரசித்ததும் நினைவிருக்கிறது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டுமா என்று பத்து நிமிஷம் யோசித்து... சரி, இருக்கட்டும்.)

அன்று ஊர் திரும்பவில்லை. கொட்டகையிலேயே படுத்தேன். நாலேகாலுக்கு சுகுணா எழுப்பினாள். உண்மையாகவே கையில் டார்ச் இருந்தது. என் முதல் வாக்கியத்தில் மணியை மட்டும் மாற்றினால் மீதி எல்லாம் சரி என்று ஒரு நப்பாசை ஓடியது. அந்த நேரத்திலும் எனக்கு வாக்கியத்தைப் பற்றிய கவலைதான்.

மீட்டரின் கம்பியைத் தண்ணீரில் விட்டாள். எண் இறங்கி இறங்கி ஒரு இடத்தில் நின்றது. 1.8. டார்ச்சைக் கரையோரம் திருப்பினாள். நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னச் சிவப்புக் கண்கள், அசையாமல். தண்ணீருக்கு மேலே மீசை நீட்டிக்கொண்டு நின்றன இறால்கள். பத்தடி தள்ளி கொக்குகள் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை.

"இப்புடியா தெனமும் நின்னுச்சுங்க" என்றாள். "நான் தூங்கிக்கிட்டு இருந்திருக்கேன்."

அப்போதுதான் சொன்னேன். கையேட்டை, கட்டத்தை, வெட்டிய வார்த்தைகளை. கதையில் பாத்திரத்திடம் மன்னிப்புக் கேட்பது சுலபம், நானே பலமுறை கேட்டிருக்கிறேன். சேற்றில் நிற்கும் ஒரு பெண்ணிடம் கேட்பது வேறு.

சுகுணா டார்ச்சை என் பக்கம் திருப்பினாள்.

"அது நீங்க எழுதுனதா சார்" என்றாள். "எழுத்து அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதான் நம்பிட்டேன்."

இருபது வருஷமாக எழுதுகிறேன். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் மறக்க முடியாதது இதுதான்.

முருகானந்தம் அதற்குள் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "அரே, பேச்சு பொறகு பேசலாம், அந்த டார்ச்ச இங்க காட்டு" என்றார். நாலாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. சக்கரம் சுற்றித் தண்ணீர் வெள்ளையாக நுரைத்தது. கொக்குகள் எழுந்து போயின.

அன்று முதல் மூன்று வாரமும் நடுச்சாமத்தில் எழுந்து எஞ்சினைக் கிளப்பியவர் அவர்தான். குளத்தை வடித்துவிட்டுக் கப்பலேற விரும்பிய அதே மனிதர். நல்லவேளை, அவரைப் பற்றி எழுதிய அரைப் பக்கத்தை ஏற்கெனவே கிழித்திருந்தேன்.

7

முடிவு. மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: பதினைந்தரை கிராம். வலையில் இறால் துள்ளுகிறது, மகள் கைதட்டுகிறாள். இதில் எனக்கு ஒரு லாபம் இருக்கிறது. என் தப்பு மன்னிக்கப்பட்டுவிடும். அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.

இரண்டாம் முடிவு: பதினான்கு கிராம். மதகைத் திறக்கிறார்கள். தண்ணீர் வடிய வடிய சுகுணா கரையில்... இதில் எனக்கு இன்னொரு லாபம். சோகமாக முடித்தால் கதைக்கு ஆழம் இருப்பதாகச் சொல்வார்கள். ஒரு குடும்பத்தின் குளத்தை வடித்து எனக்கு ஆழம் வேண்டாம்.

மூன்றாம் முடிவு: சரியாகப் பதினான்கு புள்ளி ஒன்பது. புருஷனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இது கெட்டிக்காரத்தனம். இதை எழுதியதும் கை கழுவிவிட்டு வந்தேன்.

மூன்றையும் போனில் சொன்னேன்.

"நீங்க ஏன் சார் எடைய முடிவு பண்றீங்க?" என்றாள் சுகுணா. "ஞாயித்துக்கெழம வாங்க. தராசு சொல்லும்."

8

போனேன். வலை வீசினார்கள், குளத்தின் நாலு மூலையிலும் நடுவிலும். இந்த முறை தராசைத் துணியால் துடைத்துக் காயவைத்தவர் முருகானந்தம். நூறு இறாலை எண்ணி நிறுத்தார்கள். எடை எனக்குத் தெரியும். என் பையில் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.

அதை இங்கே எழுத மாட்டேன்.

வாசகர்களைத் தவிக்க விட்டு வேடிக்கை பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. ஏற்கெனவே ஒரு முறை எங்கோ இருந்த ஒரு எண்ணைக் கச்சிதமாக அச்சில் ஏற்றி, வேறொருவர் குளத்துக்கு அனுப்பினேன். அது எண்பது நாளுக்குமேல் அவளை ஏமாற்றியது. இந்த எண்ணையும் அச்சில் ஏற்றினால், எங்கேயோ ஒரு குளக்கரையில் யாரோ ஒருத்தி தன் இறாலை இதோடு வைத்துப் பார்ப்பாள். அவளுடைய தண்ணீர் வேறு, அவளுடைய சூரியன் வேறு.

திங்கட்கிழமை கப்பல் நேரத்துக்குக் கிளம்பியது. ஜெட்டியில் நான் நிற்கவில்லை, எனக்கு ஆபீஸ் இருந்தது. மத்தியானம் சுகுணா போன் செய்தாள். பின்னால் சத்தமாக இருந்தது. அது கப்பல் எஞ்சினா, காற்றுச் சக்கரத்து எஞ்சினா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"சார், கட்டம் போட்ட புது நோட்டு ஒண்ணு அச்சடிச்சுத் தர முடியுமா?"

"எத்தனை நாளைக்கு?"

"நூத்தி இருவது நாளைக்கு, ஒரு முழு வளர்ப்புக்கு. ஆக்ஸிஜன் கட்டத்துல மணி போடாதீங்க. வெறுமனே விட்டுருங்க. நாங்க எங்க வானத்தப் பாத்து எழுதிக்கிறோம்."

அச்சடித்துவிட்டேன். பழைய கையேட்டிலும் அந்தப் பக்கத்தை மாற்றி, பதினொரு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கட்டத்தின் தலையில் நான் வெட்டிய வார்த்தைகள் மட்டும் இருக்கின்றன: "சூரிய உதயத்துக்கு முன்". பக்கத்தில் மணி எழுத ஒரு சின்ன இடம் காலியாக இருக்கிறது. உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு விடிகிறது என்று எனக்குத் தெரியாது. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து பார்த்து, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.